சைக்கிள் ஃபிரேம் வாரண்டி: பில்லைப் பத்திரப்படுத்துங்கள், விரிசலைத் தொடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைக்கிள் விளம்பரங்களில் 'ஃபிரேமுக்கு வாழ்நாள் வாரண்டி' என்ற வரி இன்று சாதாரணமாகிவிட்டது. அந்த ஒரு வரியை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் நிறையப் பேர். சில வருடங்கள் கழித்து ஃபிரேமில் விரிசல் விழுந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் பில் தொலைந்துபோனதும், வண்டி செகண்ட் ஹாண்டில் வாங்கியது என்பதும், விரிசலை ஏற்கெனவே ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்துவிட்டார்கள் என்பதும் தெரியவரும். நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய புது ஃபிரேம் இப்படிக் கைநழுவிப் போவதை, சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். கம்பெனிக்கு எழுதுவதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிடுகிறது. அந்தப் பாதி வாங்கியவர் கையில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தாலும் வெட்டாமல் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில், வாழ்நாள் என்பது யாருடையது? ஏறத்தாழ எல்லாக் கம்பெனிகளின் வாரண்டித் தாளிலும் அது 'முதலில் வாங்கியவர் அந்த சைக்கிளை வைத்திருக்கும் காலம்'. விற்றுவிட்டாலோ, நண்பருக்குக் கொடுத்துவிட்டாலோ வாரண்டி அங்கேயே முடிந்தது. சில கம்பெனிகள் இரண்டாவது ஆளுக்குக் குறைந்த காலம் தருவதுண்டு. ஆனால் அதை எதிர்பார்த்து வாங்கக் கூடாது. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் வாங்கியவர். அப்பா பெயரில் பில் போட்டு மகன் ஓட்டும் வண்டியாக இருந்தால், க்ளெய்மை அப்பா பெயரில்தான் எழுத வேண்டும். அமெரிக்காவில் வாரண்டி விளம்பரங்களுக்கான அரசு வழிகாட்டு விதிகள், 'வாழ்நாள்' என்று விளம்பரம் செய்பவர் அது எதனுடைய வாழ்நாள் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. அந்த விதி இல்லாத இடங்களில் அந்தக் கேள்வியை வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

ஒரே சைக்கிளில் பாகத்துக்குப் பாகம் காலம் மாறும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வாழ்நாள் என்பது பெரும்பாலும் முக்கோண ஃபிரேமுக்கு மட்டும். பின்பக்க சஸ்பென்ஷன் வண்டிகளில் அசையும் பின் பகுதிக்கும் அதன் இணைப்புகளுக்கும் தனியாக, குறைந்த வருடங்கள்தான் போட்டிருப்பார்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், ஹேண்டில்பார், சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட், சக்கரம் எல்லாம் வேறு கணக்கு. பெயிண்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் ஓரிரு வருடத்துக்கு மேல் கிடைப்பது அரிது. மலைச்சரிவில் பாய்ந்து இறங்குவதற்கென்றே செய்த ஃபிரேம்களுக்கு அதே கம்பெனியே வாழ்நாளைக் குறைத்து, சில வருடங்கள் என்று வைத்திருக்கும்.

வாரண்டி எதை ஏற்கிறது என்பது ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: பொருளில் இருந்த குறை, செய்த வேலையில் இருந்த குறை. எதை ஏற்காது என்ற பட்டியல்தான் நீளம். விழுந்தது, மோதியது, துருப்பிடித்தது, தேய்ந்தது, அதிக எடை ஏற்றியது, வாடகைக்கோ டெலிவரி வேலைக்கோ ஓட்டியது, சாகசம் செய்தது, ஃபிரேமில் ஓட்டை போட்டது, மறுபடி பெயிண்ட் அடித்தது, மோட்டார் கிட் பொருத்தியது, கம்பெனி சொன்னதைவிட நீளமான சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டியது என எல்லாமே வெளியே. சக்கரத்தின் நடுவில் பொருத்தும் ஹப் மோட்டாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது பின்சக்கரத்தின் அச்சைத் திருகிக்கொண்டே இருக்கும்; அச்சு உட்காரும் டிராப் அவுட் அந்த முறுக்கைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது விரிந்து உடைந்தால் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் ஒரு விலக்கு மட்டும் எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பல வாரண்டித் தாள்களில் 'உலோகக் களைப்பு சாதாரணத் தேய்மானமே, அது குறை ஆகாது' என்று ஒரு வரி இருக்கும். உலோகத்தின் மேல் சின்னச் சின்ன விசை லட்சக்கணக்கான தடவை விழுந்து, ஒரு நாள் விரிசலாக வெளிப்படுவதைத்தான் களைப்பு என்கிறார்கள். எஃகில் ஓர் எல்லைக்குக் கீழே விசை இருந்தால் எத்தனை லட்சம் தடவை ஏறி இறங்கினாலும் விரிசல் தொடங்காது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறிய விசையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அலுமினிய ஃபிரேமின் குழாய்களைப் பருமனாகவும் விறைப்பாகவும் செய்து, விழும் விசையைக் குறைக்கிறார்கள். எந்த அலுமினிய ஃபிரேமும் முடிவில்லாமல் ஓடாது என்று தெரிந்தே வாழ்நாள் என்று எழுதிவிட்டு, களைப்பை விலக்கில் வைப்பது சரியல்ல. வாங்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வாழ்நாளின் மதிப்பு பாதிதான்.

அப்படியானால் குறை என்று எதைக் காட்டுவது? சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 4210. அதில் ஃபிரேமுக்கு வரும் சோதனைகளில் ஒன்று பெடல் விசைச் சோதனை: நகரத்து சைக்கிளானால் 1,000 நியூட்டன், மலை சைக்கிளானால் 1,200 நியூட்டன் விசையை இரண்டு பெடல் மீதும் மாற்றி மாற்றி 1 லட்சம் சுற்று கொடுப்பார்கள். 1,000 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 100 கிலோ எடை பெடலில் ஏறி நிற்பதற்குச் சமம். 22.5 கிலோ எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவிட்டு முன்பக்கத்தில் இடிக்கும் சோதனையும் உண்டு. இவற்றைத் தாங்கும் வடிவமைப்பில் செய்த ஃபிரேம், சாதாரண ரோட்டில் சாதாரண ஆள் ஓட்டி ஓரிரண்டு வருடத்தில் வெல்டிங் ஓரத்தில் பிளந்தால், அந்த ஒரு ஃபிரேமில் ஏதோ குறை என்று கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. பற்றவைப்பு உள்வரை இறங்காமல் இருந்திருக்கலாம், உள்ளே காற்றுக் குமிழ் இருந்திருக்கலாம், பற்றவைத்த பிறகு கொடுக்க வேண்டிய சூடு சரியாகக் கொடுக்கப்படாமல் போயிருக்கலாம்.

விரிசல் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கம்பெனியில் முடிவெடுக்கிறார்கள். அதை வாங்கியவரும் படிக்கத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஹேண்டிலைத் தாங்கும் ஹெட் டியூபுக்கு ஓரிரு அங்குலம் பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். அங்கே மெல்லிய புடைப்போ, பெயிண்ட்டில் குறுக்காக வரிவரியாக வெடிப்போ இருந்தால் அது முன்சக்கரம் எதிலோ மோதியதன் அடையாளம். மேல் குழாயான டாப் டியூபின் அடியிலும் அதே சுருக்கம் இருக்கும். ஃபோர்க் பின்னுக்குத் தள்ளப்பட்டு, முன்சக்கரம் டவுன் டியூபுக்கு நெருங்கி வந்திருக்கும். இதைக் குறை என்று எழுதி அனுப்பினால் ஒரே போட்டோவில் திருப்பிவிடுவார்கள். அதே இடத்தில் குழாய் நேராக, புடைப்பே இல்லாமல், வெல்டிங் தடத்தின் விளிம்பை ஒட்டியபடி மயிரிழைபோல் ஒரு கோடு மட்டும் ஓடினால் கதை வேறு. அது கேட்க வேண்டிய க்ளெய்ம்.

சீட் போஸ்ட் நுழையும் குழாயான சீட் டியூபின் மேல்முனையில், க்ளாம்ப் இறுகுவதற்காக விட்ட பிளவு முடியும் இடத்திலோ, டாப் டியூப் வந்து சேரும் இடத்துக்குப் பின்புறமோ விரிசல் என்றால், கம்பெனி கேட்கும் முதல் கேள்வி சீட் போஸ்ட் எவ்வளவு உள்ளே இருந்தது என்பதுதான். போஸ்ட்டில் குறைந்தபட்சக் கோடு ஒன்று அச்சடித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றி ஓட்டினால் உட்காருபவரின் முழு எடையும் நெம்புகோலாகி அந்த ஓரத்தைக் கிழிக்கும். சில கம்பெனிகள் 80 மி.மீ. உள்ளே இருந்தால் போதும் என்கின்றன, சில 100 மி.மீ. கேட்கின்றன, எதுவானாலும் போஸ்ட்டின் கீழ்முனை டாப் டியூப் இணைப்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். போஸ்ட் நின்ற உயரத்தில் ஒரு கோடு தேய்ந்து பதிந்திருக்கும் என்பதால், பிறகு இறக்கி வைத்துக்கொண்டு மறைக்கவும் முடியாது. உயரமானவர்கள் சின்ன சைஸ் ஃபிரேமை வாங்கி போஸ்ட்டை உயர்த்திக்கொள்வதுதான் இந்த விரிசலுக்குப் பெரிய காரணம். இதில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. ஸ்டாக்கில் இருக்கும் சைஸை விற்றுவிடுகிறார்கள்.

சீட் க்ளாம்ப் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவதாலும் அதே இடம் பிளக்கும். எத்தனை நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கலாம் என்று க்ளாம்ப் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 5 அல்லது 6. கார்பன் ஃபிரேமுக்கு முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் கை அளவில் முறுக்குவது ஆபத்து. வழுக்கினால், ஒட்டாமல் பிடிப்பை மட்டும் கூட்டும் கார்பன் பசையைப் பூச வேண்டுமே தவிர, இன்னும் ஒரு சுற்று முறுக்கக் கூடாது.

பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் பக்கம் சத்தம் வந்தாலே ஃபிரேம் உடைந்துவிட்டது என்று பயந்து வருகிறார்கள். பெரும்பாலும் அது விரிசல் சத்தமாக இருக்காது. பெடல் நெட்டு, செயின் ரிங் போல்ட், சீட் போஸ்ட், சீட்டின் அடிக்கம்பி, சக்கரத்தின் குயிக் ரிலீஸ் இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டிப் பார்த்த பிறகே ஃபிரேமைச் சந்தேகிக்கலாம். சீட் போஸ்ட்டோ ஃபிரேமோ கார்பனாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கிரீஸுக்குப் பதில் கார்பன் பசை. பேரிங் கப்பை ஃபிரேமுக்கு வெளியே வைத்த ஷிமானோ ஹாலோடெக் 2 வகைக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வேண்டும். அதைக் குறைவாக வைத்து ஓட்டினால் கப் ஆடி ஆடி ஃபிரேமின் மரை தேய்ந்துவிடும். பரவலாக இருக்கும் இங்கிலீஷ் மரையில் செயின் பக்கத்துக் கப் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் கழற்ற வேண்டியது. அது தெரியாமல் நீளப் பைப் போட்டுத் திருகி மரையைச் சிதைத்தால் அது வாரண்டியில் வராது. ஆனால் பாட்டம் பிராக்கெட் குழலைச் சுற்றி வெல்டிங் ஓரத்திலோ, அதிலிருந்து பின்னால் போகும் செயின் ஸ்டேயின் தொடக்கத்திலோ கோடு விழுந்தால் அது உண்மையான களைப்பு விரிசல். சாதாரண ஓட்டத்திலேயே அதிக முறுக்கு வாங்கும் இடம் அதுதான்.

ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங், அதாவது ஹெட்செட், தளர்வாக இருப்பது தெரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்செட்டின் கீழ்க் கப்பில் விரலை வைத்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் டக் டக் என்று ஆட்டம் தெரியும். அந்த ஆட்டத்தோடு ஓட்டினால் ஹெட் டியூபின் வாய் முட்டை வடிவமாகிவிடும், பிறகு எந்தக் கப்பும் நிற்காது. அது பராமரிப்புக் குறைவு என்று திருப்பிவிடுவார்கள். பின்சக்கரத்துக்குப் பெரிய டயர் போட்டுச் செயின் ஸ்டேயில் உரசிய தடம், செயின் மாட்டிக்கொண்டு கீறிய தடம், கேரியர் க்ளாம்ப் இறுக்கிக் கார்பனை நசுக்கிய தடம் எல்லாம் இதே வகை. கியர் மாற்றும் பின் டிரெய்லியர் தொங்கும் ஹாங்கர் வளைவதும் குறையல்ல. விழும்போது ஃபிரேமுக்குப் பதிலாக வளையட்டும் என்றே அதைத் தனித்துண்டாக வைத்திருக்கிறார்கள், மாற்றிக்கொண்டால் போதும்.

தெரிவது பெயிண்ட்டின் விரிசலா, உலோகத்தின் விரிசலா என்று சந்தேகம் வந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, டார்ச்சைக் குழாயோடு ஒட்டியபடி படுக்கவைத்து வெளிச்சம் அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத கோடு பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். அலுமினியத்தில் உண்மையான விரிசல் இருந்தால், துடைத்த பிறகும் அந்தக் கோட்டிலிருந்து சாம்பல் கலந்த கறுப்பு மை போல மறுபடி கசியும். உள்ளே இரண்டு விளிம்புகள் உரசி வரும் உலோகப் பொடி அது. எஃகில் அதே கோடு துரு நிறத்தில் வரும். கார்பனில் பஞ்சை எடுத்து மெதுவாகத் தடவினால், பிரிந்த இழையில் பஞ்சு சிக்கி நிற்கும். நாணயத்தால் தட்டிப் பார்க்கும் முறையும் உண்டு: நல்ல இடம் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்றும் ஒலிக்கும். ஆனால் குழாயின் பருமன் மாறும் இடத்தில் ஒலி இயல்பாகவே மாறும் என்பதால் தட்டும் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள்.

விரிசல் என்று தெரிந்துவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கடை வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது. ஹெட் டியூப் பக்க விரிசல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முழுதாகப் பிரியும், ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். அது தவிர, விரிசல் தெரிந்த பிறகும் ஓட்டினார் என்று கம்பெனி சொல்வதற்கும் இடம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்தது, எதையும் தொடாதீர்கள். உப்புத்தாள் போடாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், இரண்டாக உடைந்திருந்தால் துண்டுகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். உடைந்த முகத்தில்தான் சாட்சி இருக்கிறது. களைப்பால் மெல்ல வளர்ந்த பகுதி வழவழப்பாக, கரையோர அலைத் தடம்போல் வளைவு வளைவாகத் தெரியும். கடைசியில் ஒரே தடவையில் கிழிந்த பகுதி சொரசொரப்பாக, புதிய உலோகமாகப் பளபளக்கும். வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி இருக்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. அந்தப் புள்ளியில் ஒரு குமிழோ, வெல்டிங் இறங்காத பள்ளமோ இருந்தால் குறை உள்ளேயே இருந்ததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று தேய்த்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. பற்றவைத்த நொடியில் வாரண்டி போய்விடுகிறது, ஃபிரேமும் பிழைப்பதில்லை. சைக்கிளில் அதிகம் வரும் 6061 அலுமினியத்தை, கம்பெனியில் பற்றவைத்த பிறகு முழு ஃபிரேமையும் 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, மறுபடி 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்துத்தான் பலத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். பட்டறையில் பற்றவைப்பவரிடம் அந்த உலை கிடையாது. வெல்டிங்கைச் சுற்றியுள்ள உலோகம் மென்மையாகி, விரிசல் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி வரும். எஃகு ஃபிரேமைத் தேர்ந்த கையால் சரிசெய்ய முடியும், நன்றாகவும் உழைக்கும். ஆனால் அதையும் க்ளெய்முக்குப் பதில் வந்த பிறகுதான் செய்ய வேண்டும்.

போட்டோ எடுப்பதில் ஒழுங்கு வேண்டும். முதல் படம் முழு சைக்கிள், செயின் இருக்கும் பக்கத்திலிருந்து, எந்தப் பாகத்தையும் கழற்றாமல். பிறகு விரிசல் எந்தக் குழாயில் இருக்கிறது என்று தெரியும்படி ஓரடி தூரத்தில் ஒன்று. பிறகு நெருக்கத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு மூன்று. விரிசலின் இரண்டு முனைக்கும் வெளியே சின்னதாக ஒரு பேனாப் புள்ளி வைத்து எடுத்தால் நீளம் புரியும். ஹெட் டியூபின் பின்பக்கத்தை அடியிலிருந்து எடுத்த படமும் சேர்த்து அனுப்புங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். மோதலின் சுருக்கம் அங்கே இல்லை என்று காட்டுவதற்கு அது உதவும். கடைசியாக ஃபிரேம் நம்பர். பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் குத்தியிருப்பார்கள். சிலவற்றில் ஹெட் டியூபிலோ சீட் டியூபிலோ பின் டிராப் அவுட்டிலோ இருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் பொடி நின்று எண் வெள்ளையாகத் தெரியும்.

கடிதத்தைப் பத்து வரிக்குள் முடியுங்கள். மாடல், வருடம், சைஸ், நிறம், ஃபிரேம் நம்பர், வாங்கிய தேதி, கடை, ஓட்டுபவரின் எடை, எந்த மாதிரி வழியில் ஓட்டுவது, விரிசல் எந்த இடத்தில், என்றைக்குக் கண்ணில் பட்டது, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது. 'சும்மா ஓட்டிட்டுத்தான் போனேன், டப்புன்னு உடைஞ்சிருச்சு' என்ற வாக்கியத்தை வாரண்டி மேஜையில் இருப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள், அதனால் அது எடுபடாது. தேதியும் இடமும் அளவும் எடுபடும். எப்போதாவது வண்டி விழுந்திருந்தால் மறைக்க வேண்டாம், எப்போது, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வலது பக்கம் சாய்ந்து விழுந்ததற்கும் ஹெட் டியூபின் கீழ் வெல்டிங் பிளந்ததற்கும் சம்பந்தமில்லை என்று பார்ப்பவருக்கே தெரியும். மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

வாங்கிய கடை வழியாகப் போவதுதான் பொதுவான வழி. அந்தக் கடை மூடிவிட்டாலும், அந்த பிராண்டை விடுத்து வேறு விற்கத் தொடங்கினாலும், அதே கம்பெனியின் வேறு எந்த அங்கீகாரம் பெற்ற டீலரும் க்ளெய்மை அனுப்பலாம். அனுப்பியதற்கு ஒரு க்ளெய்ம் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் 'அனுப்பியாச்சு சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். பெரும்பாலான நேரம் போட்டோவே போதும். ஃபிரேமையே கேட்டால் பாகங்களைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது சீட் போஸ்ட் நின்ற உயரத்தில் டேப் சுற்றி அதையும் படமெடுத்துவிட்டுக் கழற்றுங்கள். டிராப் அவுட்களுக்கு நடுவே அச்சு நீளத்துக்கு ஒரு கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ வைத்து அடைத்தால் பார்சலில் நசுங்காது. சில கம்பெனிகள் பழைய ஃபிரேமைத் திருப்பி அனுப்பும் செலவைத் தவிர்க்க, ரம்பத்தால் அறுத்துப் படம் அனுப்பச் சொல்லும். க்ளெய்ம் ஏற்கப்பட்டது என்று எழுத்தில் வராமல் அறுக்கக் கூடாது.

ஏற்றுக்கொண்டார்கள் என்றால் கையில் வருவது ஃபிரேம் மட்டும். இங்கேதான் எதிர்பாராத செலவு வருகிறது. பழைய மாடல் தயாரிப்பில் இருக்காது. 'அதற்கு இணையானது' என்று இப்போதைய மாடலைத் தருவார்கள், நிறமும் வேறாக இருக்கலாம். அதில் பழைய பாகங்கள் பொருந்துமா என்று ஃபிரேம் வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். பழையது 135 மி.மீ. குயிக் ரிலீஸ் சக்கரமாக இருந்து, புதியது 142 அல்லது 148 மி.மீ. த்ரூ ஆக்சிலாக (துளை வழியே நுழைக்கும் தடித்த அச்சு) வந்தால் பின்சக்கரம் அப்படியே பொருந்தாது. ரிம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் ஃபிரேம் வந்தால் பிரேக், சக்கரம் எல்லாமே மாறும். சீட் போஸ்ட் 27.2 மி.மீ. இருந்து புதிய ஃபிரேம் 30.9 கேட்டால் இடையில் மெல்லிய உறைபோன்ற ஒரு ஷிம் போட்டுச் சமாளிக்கலாம். தலைகீழாக இருந்தால் வழியில்லை. ஃபோர்க்கும் அப்படித்தான்: நேரான 28.6 மி.மீ. தண்டுள்ள பழைய ஃபோர்க்கைக் கீழே அகலமான புதிய ஹெட் டியூபில் சரியான கீழ் ஹெட்செட் வாங்கி மாட்டிவிடலாம், அகலமான தண்டைப் பழைய வகை ஹெட் டியூபில் நுழைக்க முடியாது. பொருந்தாத பாகங்களுக்குக் கம்பெனி கடமைப்பட்டதல்ல. ஆனாலும் கேட்டால் ஹெட்செட், பாட்டம் பிராக்கெட் போன்ற சிறிய பாகங்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ சேர்த்து அனுப்புவதுண்டு. க்ளெய்ம் முடிவதற்கு முன்பு கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கழற்றி மாட்டும் கூலியும் பார்சல் செலவும் யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது வாங்கியவர் தலையில்தான் விழும்.

மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'மோதல்' என்றால் எந்தத் தடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், 'முறையற்ற பயன்பாடு' என்றால் எது முறையற்றது என்று கேளுங்கள். டீலரின் கருத்தையும் சேர்த்து மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். நெருக்கமான படங்கள் சேர்ந்து போனால் முடிவு மாறுவது உண்டு. உண்மையிலேயே மோதலாக இருந்தால் வேறொரு கதவு திறந்திருக்கிறது: பல கம்பெனிகள் விபத்தில் உடைந்த ஃபிரேமுக்குப் பதிலாகத் தள்ளுபடி விலையில் புதிய ஃபிரேம் தருகின்றன. அதை அவர்களாகச் சொல்வது குறைவு. முதல் வாங்கியவர் என்ற அதே சான்றுதான் அதற்கும் தேவை. இவை எதுவுமே நடக்கவில்லை என்றால், கம்பெனி தானாகத் தரும் வாரண்டி வேறு, சட்டம் தரும் நுகர்வோர் உரிமை வேறு என்பதை நினைவில் வையுங்கள். வாரண்டித் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சட்டப்படி உள்ள உரிமை போகாது. ஆனால் அதற்குக் கால வரம்பு உண்டு, மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை வாங்கும் நாளில் போடும் பில். அதில் மாடல் பெயர் மட்டும் எழுதி அனுப்பிவிடும் கடைகள் அதிகம். ஃபிரேம் நம்பரையும் எழுதச் சொல்லி, வண்டியைக் கவிழ்த்து நம்பரோடு ஒத்துப் பாருங்கள். இப்போதைய பில்கள் பல வெப்பத்தாளில் அச்சாகின்றன. ஓரிரு வருடத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே படமெடுத்து மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டால் போதும். சில கம்பெனிகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால்தான் வாழ்நாள் தரும், இல்லாவிட்டால் சில வருடங்கள்தான். பெட்டியில் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் வண்டிக்கு வாரண்டி உண்டா என்பதையும் பாருங்கள், டீலர் மாட்டிக் கொடுத்தால்தான் செல்லும் என்று எழுதியிருப்பவர்களும் உண்டு.

கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் எங்கள் கோரிக்கை: விற்கும்போதே யாருடைய வாழ்நாள், எந்தப் பாகத்துக்கு எத்தனை வருடம், களைப்பு விரிசல் உள்ளேயா வெளியேயா என்ற மூன்றையும் பில்லின் பின்புறம் அச்சடித்துக் கொடுங்கள். நல்ல ஃபிரேம் செய்பவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. வாரண்டியில் வந்த புதிய ஃபிரேமின் நம்பர் வேறு, பழைய பில்லில் இருப்பது வேறு. க்ளெய்ம் ஏற்ற கடிதத்தில் இரண்டு நம்பரும் இருக்கும்படி கேட்டு வாங்கி, பழைய பில்லோடு சேர்த்து வையுங்கள். இணையப் பதிவிலும் புதிய நம்பரை மாற்றுங்கள். மாற்று ஃபிரேமுக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குகிறதா, மீதமுள்ள காலம் மட்டுமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலாளர்கள் சிலர்